அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள்

திருவண்ணாமலை,
14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தீக்ஷாவுக்கு,

அருகன் அருளால் இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே பெர்கன் நகரில் நீயும் மாப்பிள்ளையும் மழையில் நனையாமலும், நனைந்தாலும் சளி பிடிக்காமலும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு நம் வீட்டில் ஒரு வைப்பர் வாங்குவது என்று முடிவெடுக்கப்பட்டது. முன்மொழிந்தவர் உன் அம்மா. எதிர்த்துப் பேச யாரும் இல்லை, பேசக்கூடிய ஒரே ஆள் அதற்குள் பேசும் தகுதியை இழந்திருந்தார். ரப்பர் ஒரு அடி அகலம் இருக்க வேண்டும், கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் போதும், வாங்கிவரும் பொறுப்பும் அதன்பின் தினமும் அதைப் பிடித்துத் தண்ணீர் வழிக்கும் பொறுப்பும் என்னுடையவை என்பன துணைத் தீர்மானங்கள். முப்பத்து நான்கு வருஷம் கோர்ட்டில் இருந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான், எத்தனையோ தீர்ப்புகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு சரியான ஒன்றைப் பார்த்ததில்லை. இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போனில் என் முகம் தெரியும். அதுதான் காரணம்.

தொட்டியின் வரலாறு உனக்குத் தெரியாதது அல்ல, ஆனாலும் குற்றப்பத்திரிகை என்றால் ஆரம்பத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் வெந்நீரில் ஊறச் சொன்னார் என்று கேள்விப்பட்டதும் நீ அங்கிருந்தே பிளம்பர் குமரேசனைப் பிடித்து, முன் பாத்ரூமில் வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டியும் அதற்கு மேலே ஷவரும் போட வைத்தாய். எல்லாம் முடிந்த பிறகுதான் தொட்டியின் விளிம்பு அம்மாவின் முழங்காலைவிட உயரம் என்பதும், அந்த முழங்காலை அவ்வளவு உயரம் தூக்க முடிந்தால் அதற்குத் தொட்டியே தேவையில்லை என்பதும் எங்களுக்குத் தெரியவந்தன. உன் மனசு கஷ்டப்படும் என்று இதை உன்னிடம் சொல்லவில்லை. அம்மா பழையபடி பின் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பக்கெட்டில்தான் குளிக்கிறாள், நானும் அங்கேதான். குமரேசன் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒரே ஒரு தரம் தொட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தேன், வேட்டியோடு, தண்ணீர் இல்லாமல். அதைப் பயன்படுத்தியவர்கள் பட்டியல் இன்றுவரை அவ்வளவுதான்.

நம் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தரம் வருகிறது, போர் தண்ணீரோ உப்பு. அப்படியிருக்க, இவ்வளவு பெரிய பாத்திரம் ஒன்று வீட்டில் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு நாள் அடைப்பானைப் போட்டு நிரப்பினேன். ஆபத்து வரவில்லை, தண்ணீர் அப்படியே நின்றது, குறைந்தபோது மேலே நிரப்பினேன். நீ எழுதி அனுப்பிய பராமரிப்பு விதிகள் ஒன்பதையும் நான் அலட்சியம் செய்தேன் என்று சொல்ல முடியாது, பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, பாத்ரூம் கதவில் ஒட்டினேன். செய்தது அதோடு சரி. குளித்ததும் தண்ணீரை வடித்துவிட வேண்டும், பக்கங்களை வைப்பரால் வழித்து உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், வாரம் ஒரு தரம் சமையல் சோடாவும் சோப்புத் தண்ணீரும் போட்டு மெத்தென்ற பஞ்சால் தேய்க்க வேண்டும், கம்பி நார் கூடாது, ஆசிட் கூடவே கூடாது, ஷவரில் உப்பு அடைத்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி அதன் தலையில் கட்டிவைக்க வேண்டும் என்றெல்லாம் நீ எழுதியது எனக்கு மனப்பாடம். நம் ஷவரில் இப்போது மூன்று துளைகள்தான் வேலை செய்கின்றன, ஒன்று ஜன்னலுக்கும் ஒன்று சோப்புப் பெட்டிக்கும் தண்ணீர் அடிக்கிறது, மூன்றாவது மட்டும் மனிதர்களுக்கு. தொட்டியின் உள்பக்கம் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வளையம் ஏறிவிட்டது. அதைக் காட்டிக் குமரேசனிடம் கேட்டதற்கு, "ஒரு பாட்டில் ஆசிட் ஊத்துங்க சார், கறையும் போயிடும், தொட்டியும் போயிடும், உங்களுக்குக் கவலையும் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போனில் அப்பா தொட்டியைத் துடைக்கிறீர்களா என்று கேட்பாய், நான் டெய்லி என்பேன். தமிழில் சொன்னால் பொய் என்று தெரிந்துவிடுமோ என்று இங்கிலீஷில் சொன்னேன் போலிருக்கிறது.

இனிமேல்தான் எழுதக் கை கூசுகிறது. போன மாதம், பத்து நாள் தசலட்சண நோன்பின் மூன்றாம் நாள் காலை, தொட்டித் தண்ணீரில் காற்புள்ளிகள் போலச் சிறு உயிர்கள் மேலும் கீழும் நெளிந்துகொண்டிருந்தன. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, கொசுப்புழு. அடைப்பானைப் பிடுங்கினால் அத்தனையும் சாக்கடையில் போய்ச் சாகும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமண வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு, அதுவும் நோன்பு நாள். நான் அடைப்பானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, இவற்றுக்குச் சிறகு முளைத்துத் தாமாகப் பறந்து போகும்வரை காத்திருப்பதே இல்லறத்தாருக்குரிய சிராவகர் தர்மம் என்று சொன்னேன். அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "தெனம் தேச்சி காய வெச்சிருந்தா இதுங்க பொறந்தே இருக்காதே. பொறக்க வெச்சிட்டு இப்ப கொல்ல மாட்டேன்னா எப்படிங்க?" என்று கேட்டாள். சாஸ்திரமும் அதைத்தான் சொல்கிறது, உயிர் தோன்றும் இடத்தை உண்டாக்காதே என்று. எனக்கு அது தெரியும், அவளைவிட நாலு புத்தகம் ஜாஸ்தி படித்தவன் நான். ஆனால் அதைப் பின்பற்றக் குனிய வேண்டும், தேய்க்க வேண்டும். குனியாமல் பின்பற்றக்கூடிய தர்மம் ஒன்று கைவசம் இருந்தபோது நான் அதை எடுத்துக்கொண்டேன். என் சோம்பலுக்கு ஜீவதயை என்று பெயர் வைத்தேன், தீக்ஷா. இதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் ஜினாலயத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தன் வீட்டில் தோன்றிய சிற்றுயிர்களைக் கலைக்க மனமில்லாமல் காத்திருந்த ஓர் இல்லறத்தாரைப் பற்றி, பெயர் சொல்லாமல், பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் வரிசையில் உன் அம்மா கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஏழாம் நாள் புதன்கிழமை, நகராட்சிக்காகக் கொசுப்புழு பார்க்கிற சரோஜா வந்திருந்தாள். அடி அண்ணாமலைக்காரி, வாரம் ஒரு தரம் டார்ச்சும் ஒரு கரண்டியுமாக வீடு வீடாக வருவாள், டிரம், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று ஒன்று விடமாட்டாள். நான் சம்பைக் காட்டினேன், மாடித் தொட்டியைக் காட்டினேன், பூந்தொட்டிகளையெல்லாம் கேட்காமலே காட்டினேன். முன் பாத்ரூம் கதவருகே அவள் போனபோது, "அம்மா குளிச்சிட்டு இருக்காங்கம்மா" என்றேன். சரோஜா பாவம், இரண்டடி பின்னால் நகர்ந்து, "உள்ள ஏதாச்சும் தண்ணி புடிச்சி வெச்சிருக்கீங்களா சார்" என்று கேட்டாள். ஒரே ஒரு பக்கெட் என்றேன். வாசல் கதவோரச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதி, பக்கத்தில் ஒரு சைபர் போட்டுவிட்டுப் போனாள். புழு இல்லாத வீடு என்று அர்த்தம். உன் அம்மா அந்த நேரம் போளூர்ப் பக்கம் திருமலையில் நேமிநாதர் சன்னதியில் இருந்தாள். அதன் பிறகும் சரோஜா மூன்று தரம் வந்தாள், மூன்று தரமும் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், ஒரு நாள் ஜினாலயத்தில், ஒரு நாள் மார்க்கெட்டில், ஒரு நாள் எதிர்வீட்டில். நாலாவது சைபர் போடும்போது சரோஜா, "அம்மா ரொம்ப நேரம் குளிப்பாங்க போலருக்கு சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு புழுவைக் காப்பாற்றுகிறேன் என்று நான்கு பொய் சொன்னவன், நான்காவதற்குச் சிரிக்கவும் செய்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக் கவியாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிளஸ் டூவில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், வருகிற பதினெட்டாம் தேதி சனிக்கிழமை வேலூரில் உடற்தகுதித் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். இதற்கு முன் இரண்டு தடவை ஓட்டத்தில் விட்டாள், இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. நீ போன தரம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாயே, அந்த ஆரஞ்சு நிற ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு வருஷமாக விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஓடினாள். பேப்பர் எடுக்க வாசலுக்கு வரும்போது அவள் திரும்பி வருவதைப் பார்ப்பேன், நல்லா ஓடுறம்மா என்று சொல்வேன், அவள் மூச்சு வாங்கிக்கொண்டே தேங்க்ஸ் அங்கிள் என்பாள். இந்தப் பௌர்ணமிக்கு முன்னால் நாலு நாள் அவளைக் காணவில்லை. பௌர்ணமி அன்று மத்தியானம் அவள் அம்மா அருணாதேவி ஓடிவந்து, "சார், பொண்ணு எழுந்திரிக்கவே மாட்டேங்குறா, உடம்பு நெருப்பா கொதிக்குது" என்றாள். கவியாவின் அப்பா மணிவேல் ஆட்டோக்காரர் என்றாலும் அன்றைக்கு ஆட்டோவைத் தெருவுக்குள் கொண்டுவர வழியில்லை, பௌர்ணமியென்றால் ஊர் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு அங்கிருந்து போன் செய்தார். ஜனங்களுக்கு எதிர்த்திசையில், ஒரு பக்கம் அருணாதேவியும் ஒரு பக்கம் நானுமாகப் பிடித்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் அந்தப் பெண்ணை நடத்திக்கொண்டு போனோம். தினமும் பதினாலு கிலோமீட்டர் ஓடியவள் பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். ஆட்டோவில் ஏற்றியபோது அருணாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அண்ணாமலையாரே உங்கள அனுப்பின மாதிரி இருக்கு சார்" என்றாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். பரவாயில்லம்மா என்றுகூடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பத்தாம் தேதி சுகாதார ஆய்வாளர் நாலைந்து ஆட்களோடு தெருவுக்கு வந்தார், சரோஜாவும் கூட வந்தாள். பக்கத்து வீடு என்பதால் முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். இந்தத் தடவை யாரும் யாரையும் கேட்கவில்லை, அவரே போய் முன் பாத்ரூம் கதவைத் திறந்தார். அங்கே உன் ஒன்பது விதிகள் லேமினேஷனோடு பளபளவென்று தொங்க, உள்ளே தண்ணீர் நின்றது. சரோஜா கரண்டியால் ஒரு தரம் மொண்டு டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது தொட்டியில்ல சார், நாத்தங்கால்" என்றாள் மெதுவாக. ஆய்வாளர் வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு நாலு வாரமாகச் சைபர் போட்டது யார் என்று கேட்டார். தெரு முழுக்க நின்றது. மணிவேலும் நின்றார், மகளுக்கு உன் அம்மா வைத்துக்கொடுக்கிற கஞ்சியை வாங்கிப்போக வந்திருந்தார். சரோஜா என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு, "நான்தான் சார் போட்டேன். வர்றப்ப எல்லாம் அம்மா குளிச்சிட்டு இருந்தாங்க, கதவு வரைக்கும் போய் கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்றாள். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று தெரியவில்லை, கஞ்சிப் பாத்திரத்தோடு உன் அம்மா வெளியே வரும் அளவுக்கு நேரம். "நானா?" என்றாள் அம்மா. "நான் பின்னாடி பாத்ரூம்ல காலைல அஞ்சு மணிக்கே குளிச்சிடுவேனேம்மா. இந்தத் தொட்டில நான் ஒரு நாளும் எறங்கினதே இல்லையே." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், முதல் தேதியில் கொஞ்சம் நின்றாள். அது அவள் திருமலைக்குப் போன நாள். மணிவேல் கையை நீட்டி, "கஞ்சி ஆறிடும், குடுங்கம்மா" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இன்றைக்கு இரண்டு பக்கம் கம்மியாக எழுதியிருப்பேன்.

ஆய்வாளர் அடைப்பானைப் பிடுங்கினார். நான் ஒரு மாதமாகத் தர்மம் பேசித் தொடாமல் இருந்த அந்த வேலைக்கு அவருக்கு ஒரு விநாடி ஆனது. நாலு தரமும் பொய் சொன்னது நான், சரோஜாமீது தவறில்லை என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். கோர்ட்டில் எத்தனையோ பேரின் வாக்குமூலத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், சொந்தமாக எழுதியது இதுதான் முதல். அவர்கள் போன பிறகு அம்மாவிடம், கொசு மட்டும் இருந்தால் நோய் வந்துவிடாது, அது முதலில் ஏதாவது காய்ச்சல்காரரைக் கடித்திருக்க வேண்டும், சுற்றிலும் எத்தனையோ லாட்ஜுகள் இருக்கின்றன, இந்தக் கொசுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது என்று ஆரம்பித்தேன். அவள், "நிரூபிக்க முடியாதுன்னுதான் நாலு வாட்டி கதவ மூடினீங்களா?" என்றாள். அன்று பகலெல்லாம் அதுதான் அவள் என்னிடம் பேசியது. மறுநாள் அவள் உபவாசம் இருந்தாள். நானும் இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, "செத்துப்போன புழுங்களுக்கு நான் இருக்கேன். அந்தப் பொண்ணுக்கு நீங்க இருங்க" என்றாள். இருந்தேன். பசித்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த நாள்தான் வைப்பர் தீர்மானம். வாங்கி வந்ததும் உன் விதிகளைக் கதவிலிருந்து பார்த்துப் பார்த்து முதல் தடவையாகத் தொட்டியைக் கழுவினேன். வளையத்தின் மேல் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து அரைமணி ஊறவிட்டு, சமையல் சோடா போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து தேய்த்தேன், முக்கால்வாசி போய்விட்டது, மீதி என் ஆயுசுக்கும் இருக்கும் போலிருக்கிறது. ஷவர் தலையில் வினிகர்ப் பை தொங்குகிறது. நேற்றும் இன்றும் சுத்தமாகத் தண்ணீர் விட்டு அலசி, வைப்பரால் வழித்து, வடிகால் வலையை எடுத்துத் தட்டி, பழைய வேட்டித் துணியால் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் துடைத்தேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினோரு நிமிடம். ஜினாலயத்தில் நான் பேசியதைவிட ஒரு நிமிடம் கம்மி.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிவேல் அருணாதேவியிடம் முன்பே சொல்லியிருப்பார் போல, அவள் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். கவியாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டி, புழு, சரோஜா, நாலு சைபர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கழுத்து வரை போர்த்திக்கொண்டு கேட்டாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. முடித்த பிறகு, "அக்காக்கு தெரியுமா?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டாள். இல்லை, எழுதப் போகிறேன் என்றேன். பிறகு, "பதினெட்டாம் தேதி மட்டும் நான் ஓடி முடிச்சிடறேன் அங்கிள். போலீஸ் ஆனதும் மொத எஃப்.ஐ.ஆர் உங்க மேலதான்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. நான் ஒப்புக்கொண்டேன், சாட்சிக்கு நம் வீட்டிலிருந்து அம்மாவே வருவாள் என்றேன். பிளேட்லெட் ஏற ஆரம்பித்திருக்கிறது, இப்படியே ஏறினால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். கட்டிலுக்கு அடியில் அந்த ஆரஞ்சு ஷூ இருந்தது, அவள் அம்மாவிடம் பிடிவாதம் பிடித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.

உனக்கு நான் புத்தி சொல்லும் நிலையில் இல்லை, ஆனாலும் அப்பாவாகி வருஷங்கள் ஆகிவிட்டதால் பழக்கம் விடவில்லை. உங்கள் வீட்டுத் தொட்டியின் வடிகாலில் முடி சேராமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளை செய்வார் என்று விடாதே, மாப்பிள்ளையும் நீ செய்வாய் என்று விடக்கூடாது, இதை அவருக்கும் படித்துக் காட்டு. இது உன் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் போனைத் தொட்டிக்குள் காட்டுகிறேன், அதன்பின் என் முகத்தையும் காட்டுகிறேன். அதற்குள் நீ கவியாவிடம் ஒரு வார்த்தை பேசு, காலையில் பேசினால் தெம்பாக இருப்பாள். அம்மா உன்னிடம் என்னைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதை வைத்து அவள் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, சொன்னதைச் செய்கிறவர்களாக நீடூழி வாழ அருகன் திருவடிகளை வேண்டுகிறோம். சாயங்காலம் வேளையோடு சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஜீவகுமார்.

பி.கு. (21ஆம் தேதி): இதைக் கவரில் போட்டு ஒட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். வேலூரில் உடற்தகுதித் தேர்வு பதினெட்டாம் தேதி நடந்து முடிந்தது. கவியாவை ஆஸ்பத்திரியிலிருந்து இருபதாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.